பட்டாளத்துக்கு ஒரு சட்டம், பாட்டாளிக்கு ஒரு சட்டமா?

கப்பலூர் சுங்கச் சாவடியில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். இந்த நாட்டின் வண்டிச் சட்டம் யாரை எப்படி நடத்துகிறது என்பது விளங்கிவிடும்.

நம்பர் பலகையில் மேல்நோக்கிய அம்புக்குறி போட்ட ராணுவ லாரி வருகிறது. தடுப்புக் கட்டை உயர்கிறது, லாரி போகிறது. அடுத்து, வெண்டைக்காயும் கத்தரிக்காயும் ஏற்றிக்கொண்டு திருமங்கலத்திலிருந்து மதுரைக்குப் போகும் குட்டி யானை வருகிறது. அதற்குக் கட்டணம். அரசு பஸ் வருகிறது. அதற்கும் கட்டணம். ஷிப்ட் முடிந்து வரும் பஞ்சாலைத் தொழிலாளி தன் பழைய மோட்டார் சைக்கிளில் ஓரமாகப் போகிறார். டூவீலருக்குக் கட்டணம் இல்லை என்பதால் அவரை யாரும் மறிப்பதில்லை.

ராணுவ லாரிக்குக் கட்டணம் இல்லாதது எதனால்? 1901-ம் ஆண்டில் வெள்ளைக்காரன் போட்டுவைத்த சுங்க விலக்குச் சட்டம் ஒன்று இருக்கிறது. கடமையின் பேரில் போகும் ராணுவத்தாரிடம் சாலைக்கும் பாலத்துக்கும் சுங்கம் வாங்கக் கூடாது என்பது அதன் சாரம். வெள்ளைக்காரன் போய்விட்டான்; சட்டம் நிற்கிறது. தேசிய நெடுஞ்சாலைக் கட்டணத்துக்காக 2008-ல் செய்த விதிகளிலும் அந்த விலக்கு ஏற்கப்பட்டிருக்கிறது.

இதில் நமக்கு வருத்தம் ஒன்றுமில்லை. உத்தரவின் பேரில் போகிறவனிடம் வழியில் காசு கேட்பது நியாயமல்ல. நாம் கேட்கப்போவது வேறு கேள்வி. உத்தரவின் பேரில் ஊர் மாறுகிறவனின் சிரமத்தைப் புரிந்துகொண்ட சட்டம், பசியின் பேரில் ஊர் மாறுகிறவனின் சிரமத்தை ஏன் புரிந்துகொள்ளவில்லை?

ஒரு வீடு, இரண்டு வண்டி

கப்பலூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நமக்குத் தெரிந்த விவசாயத் தொழிலாளி ஒருவர் இருக்கிறார். சங்கத்தில் நீண்ட நாள் உறுப்பினர். அவருக்கு இரண்டு பையன்கள். மூத்தவன் பட்டாளத்தில் ஜவான். இளையவன் சென்ட்ரிங் வேலைக்காக மேஸ்திரியோடு பெங்களூர் போனவன்.

மூத்தவன் ராஜஸ்தானில் இருந்தபோது ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினான். அதற்கு எந்த மாநிலத்தின் எழுத்தும் இல்லை, ‘பி.எச்.’ என்று பாரதத் தொடர் நம்பர். அங்கிருந்து அஸ்ஸாமுக்கு மாற்றல் ஆயிற்று. வண்டியும் கூடப் போயிற்று. புது நம்பர் வேண்டியதில்லை, அந்த மாநிலத்துக்குப் புது ஆயுள் வரி வேண்டியதில்லை, ஆர்.டி.ஓ. ஆபீஸ் படி ஏற வேண்டியதில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வரியைக் கட்டிவிட்டால் போதும்.

இளையவன் இங்கே பழைய வண்டி வாங்கும் கடையில் ஒரு மோட்டார் சைக்கிள் எடுத்தான். டி.என். 58 நம்பர். வண்டிப் புத்தகம் இன்னும் முதல் சொந்தக்காரர் பெயரில் இருக்கிறது. முதல் சொந்தக்காரர் பைனான்ஸ் கம்பெனியில் வாங்கிய கடனும் புத்தகத்தில் அடிக்கப்படாமல் நிற்கிறது. பெங்களூரில் வேலை நடக்கும் இடம் ஒரு பக்கம், தகரக் கொட்டகை ஒரு பக்கம். வண்டி இல்லாமல் விடியற்காலை வேலைக்குப் போக முடியாது. ஆகவே வண்டியைக் கொண்டுபோனான். வெளிமாநில நம்பர் என்று கண்டதும் போலீஸ்காரர் நிறுத்துகிறார். “எப்போது வந்தாய்? புத்தகம் எங்கே? யார் பெயர் இது?” ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் கூலியில் ஒரு பங்கு போகிறது, சில நாள் வேலையே போகிறது.

அந்தத் தகப்பன் நம்மிடம் சொன்னார்: “தோழரே, ரெண்டு பேரும் எம் பிள்ளைகதான். ஒருத்தன் வண்டி எங்க வேணும்னாலும் ஓடுது. இன்னொருத்தன் வண்டி ஓசூரைத் தாண்டுனா நிக்குது. ஒரே வயித்துல பொறந்ததுக்கு ரெண்டு சட்டமா?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே இதை எழுதுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் சட்டத்தைச் சரியாகத் தெரிந்துகொள்வோம். தெரியாத சட்டம் புரோக்கருக்குத்தான் லாபம்.

இப்போதுள்ள மோட்டார் வாகனச் சட்டம் 1988-ம் ஆண்டுச் சட்டம். 1989 ஜூலை முதல் தேதி அமுலுக்கு வந்தது. டிரைவிங் லைசென்ஸ் இந்தியா முழுவதும் செல்லும் என்று அதன் 13-வது பிரிவு சொல்கிறது. திருமங்கலத்தில் வாங்கிய லைசென்ஸ் பெங்களூரிலும் செல்லும், கௌஹாத்தியிலும் செல்லும். மாநிலம் மாறினால் புது லைசென்ஸ் எடுக்கச் சொல்லி யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

வண்டிப் பதிவும் இந்தியா முழுவதற்கும் செல்லும். ஆனால் அதற்கு ஒரு கெடு இருக்கிறது. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த மாநிலத்தின் புது நம்பர் வாங்க வேண்டும். இது 47-வது பிரிவு. அதற்குப் பழைய மாநில ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். இது 48-வது பிரிவு. வண்டியின் மேல் கடன் இருந்தால் பைனான்ஸ் கம்பெனியின் சம்மதமும் வேண்டும். இத்தனையும் ஆன பிறகு புது மாநிலத்தில் வண்டியின் வயசுக்கு ஏற்ப வரி கட்ட வேண்டும். அந்த ரசீதைக் கொண்டுவந்து பழைய மாநிலத்தில் காட்டி, முன்பு மொத்தமாகக் கட்டிய ஆயுள் வரியில் மீதியைத் திருப்பிக் கேட்க வேண்டும்.

கையில் காசுள்ளவனுக்கு இது தலைவலி. தினக்கூலிக்காரனுக்கு இது நடக்காத காரியம். பெங்களூரிலிருந்து மதுரைக்கு வரப் போக இரண்டு நாள் கூலி போகும். முதல் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்து 29, 30-ம் நம்பர் படிவங்களில் கையெழுத்து வாங்க வேண்டும். பைனான்ஸ் ஆபீஸில் 35-ம் நம்பர் படிவம் வாங்க வேண்டும். பிறகு 28-ம் நம்பர் படிவம் போட்டுத் தடையில்லாச் சான்று. பிறகு பெங்களூரில் 27-ம் நம்பர் படிவம். அப்புறம் வரி. திருப்பித் தரும் வரி எப்போது வரும் என்று காத்துக் கிடக்கவும் வேண்டும். அதற்குள் கட்டடம் முடிந்துவிடும். மேஸ்திரி ஆட்களை ஐதராபாத்துக்குக் கூட்டிப் போய்விடுவான். அங்கே மறுபடியும் முதலிலிருந்து!

12 மாதக் கெடுவைக்கூட மாநில சர்க்கார்கள் மதிக்காமல் போனதுண்டு. வெளிமாநில வண்டி 30 நாளைத் தாண்டினாலே ஆயுள் வரி கட்ட வேண்டும் என்று 2014-ல் கர்நாடக சர்க்கார் தனது வரிச் சட்டத்தைத் திருத்தியது. 2016-ல் அம்மாநில ஐகோர்ட் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டது யார்? கார் வைத்திருப்பவர்கள். சென்ட்ரிங் தொழிலாளிக்கு வக்கீல் பீஸ் கொடுக்க வழி ஏது?

2021-ல் வந்த சலுகை

இந்தத் தொல்லை ஜவானுக்கும் இருந்தது. அதை மறைக்கக் கூடாது. சில வருஷத்துக்கு ஒரு மாற்றல், ஒவ்வொரு மாற்றலுக்கும் ஒரு தடையில்லாச் சான்று, ஒரு புது நம்பர் என்று அவனும் அலைந்தான். சர்க்காருக்குச் சொந்தமான பட்டாள வண்டிகளைத் தனியாகப் பதிவு செய்துகொள்ள 60-வது பிரிவு இருக்கிறது. பட்டாள வண்டி ஓட்டுகிறவனுக்குத் தனி லைசென்ஸ் கொடுக்க 18-வது பிரிவு இருக்கிறது. ஆனால் ஜவான் தன் சம்பளத்தில் வாங்கிய சொந்த வண்டிக்கு அவனும் மற்றவர்களைப் போலவே க்யூவில் நிற்க வேண்டியிருந்தது.

2021 ஆகஸ்ட் 26-ந் தேதி மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. செப்டம்பர் 15 முதல் அமுலுக்கு வந்த அந்த அறிவிப்புத்தான் பாரதத் தொடர் நம்பர். சொந்த உபயோக வண்டிக்கு, விரும்பினால் இந்த நம்பரை வாங்கிக்கொள்ளலாம். மாநிலம் மாறினால் நம்பர் மாற்ற வேண்டாம். ஆயுள் வரியை மொத்தமாகக் கட்டாமல் இரண்டு வருஷத்துக்கு ஒரு தவணையாகக் கட்டலாம். ஏற்கெனவே மாநில நம்பர் உள்ள வண்டியையும் இந்தத் தொடருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று 2022 டிசம்பரில் விதி திருத்தப்பட்டது. பழைய முறை மிகவும் சங்கடமானது, மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது என்று அமைச்சகமே அப்போது ஒப்புக்கொண்டது.

நல்ல ஏற்பாடு. ஆனால் யாருக்கு?

ராணுவத்தாருக்கு, மத்திய, மாநில சர்க்கார் ஊழியர்களுக்கு, பொதுத்துறை ஸ்தாபனங்களின் ஊழியர்களுக்கு, அப்புறம், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் ஆபீஸ் வைத்திருக்கும் தனியார் கம்பெனிகளின் ஊழியர்களுக்கு. இவ்வளவுதான் பட்டியல்.

பட்டியலின் கடைசி வரியைக் கவனியுங்கள். ஜவானுக்காக என்று திறந்த கதவில் பெரிய கம்பெனி அதிகாரியும் நுழைந்துவிட்டார். 20 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட காருக்கும் இந்தத் தொடரில் விகிதம் போட்டு வைத்திருக்கிறார்கள். 10 லட்சத்துக்குக் கீழே நூற்றுக்கு 8, 10 முதல் 20 லட்சம் வரை நூற்றுக்கு 10, அதற்கு மேல் நூற்றுக்கு 12. அதையும் தவணையில் கட்டலாம்.

இங்கே நம் தொழிலாளி என்ன கட்டுகிறார்? 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட ஆயுள் வரிப்படி ஒரு லட்ச ரூபாய் வரையிலான டூவீலருக்கு நூற்றுக்கு 10, ஒரு லட்சத்துக்கு மேல் நூற்றுக்கு 12. 90,000 ரூபாய் வண்டிக்கு 9,000 ரூபாய், வாங்கும் அன்றே, மொத்தமாக! 20 லட்ச ரூபாய்க் காருக்குத் தவணை உண்டு. 90,000 ரூபாய் மோட்டார் சைக்கிளுக்கு இல்லை. இது யாருடைய கணக்கு?

கப்பலூர்த் தொழிற்பேட்டையிலும் சுற்றியுள்ள ஆலைகளிலும் பாடுபடுகிற தொழிலாளிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அவர் வேலை செய்யும் பட்டறைக்கு நான்கு மாநிலத்தில் ஆபீஸ் கிடையாது. பீகாரிலிருந்தும் ஒடிஷாவிலிருந்தும் வந்து இங்கே உழைக்கும் தொழிலாளிக்கும் இடமில்லை. ஒருவேளை பெரிய கம்பெனியிலேயே வேலை செய்தாலும், அவர் பெயர் கம்பெனிப் பேரேட்டிலா இருக்கிறது? காண்ட்ராக்டர் பேரேட்டில் அல்லவா இருக்கிறது! தன் ஊழியர் என்று கம்பெனி சான்று எழுதித் தர வேண்டும். அதற்கு 60-ம் நம்பர் படிவம் என்று ஒன்று. இந்த ஆள் எங்கள் ஆளே அல்ல என்று சொல்வதற்காகவே காண்ட்ராக்ட் முறையை வைத்திருக்கும் முதலாளி அதை எழுதித் தருவாரா? விவசாயத் தொழிலாளிக்கோ முதலாளியே நாளுக்கு ஒருவர். அவர் யாரிடம் போய்ச் சான்று கேட்பார்?

உத்தரவும் பசியும்

சர்க்கார் தரப்பில் ஒரு வாதம் வரும். “ஜவான் தன் இஷ்டத்துக்கா ஊர் மாறுகிறான்? உத்தரவு வந்தால் போக வேண்டும். கூலிக்காரனை யார் போகச் சொன்னார்கள்?”

யார் போகச் சொன்னார்கள்? கண்மாய் வறண்டபோது பசி சொன்னது. வயல் மனைக்கட்டாக மாறியபோது ரியல் எஸ்டேட்காரன் சொன்னான். அறுவடை மிஷின் வந்து பத்துப் பேர் வேலையை ஒரே மணியில் முடித்தபோது வேலையின்மை சொன்னது. இந்த உத்தரவுகளில் சர்க்கார் முத்திரை இல்லை. ஆனால் மீற முடியாத உத்தரவுகள். ஜவானாவது பென்ஷன் உள்ள வேலைக்காக உத்தரவுக்குக் கீழ்ப்படிகிறான் என்று முன்பு சொல்லலாம். 2022 ஜூனில் அறிவித்த அக்னிபாத் திட்டம் அந்த வார்த்தையையும் பறித்துக்கொண்டது. நான்கு வருஷம் வேலை. அதன் பிறகு நூற்றுக்கு 25 பேரைத்தான் பட்டாளத்தில் வைத்துக்கொள்வோம் என்றார்கள். மற்றவர்கள்? பென்ஷன் இல்லாமல் ஊர் திரும்பி, தம்பியோடு சேர்ந்து பெங்களூர் பஸ் ஏற வேண்டியதுதான். சீருடை இருக்கும்வரை பாரதத் தொடர் நம்பர். சீருடையைக் கழற்றிய மறுநாள் அவனும் நம்மில் ஒருவன்.

ஊர் மாற்றும் செலவைப் பாருங்கள். ஏழாவது ஊதியக் கமிஷனுக்குப் பின், மத்திய ஊழியர் மாற்றலாகி வேறு ஊர் போனால் அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு 80 பங்கு மாற்றல் மானியம் என்று நிர்ணயமாயிற்று. வண்டியைக் கொண்டுபோகவும் செலவுத் தொகை உண்டு. நியாயம்தான். தொழிலாளிக்கும் ஒரு காலத்தில் இதில் சிறு துளி இருந்தது. 1979-ம் ஆண்டின் மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர் சட்டம், மாதக் கூலியில் பாதியை இடப்பெயர்ச்சிப் படியாகக் காண்ட்ராக்டர் கொடுக்க வேண்டும் என்றது. எத்தனை காண்ட்ராக்டர் கொடுத்தான் என்பது வேறு விஷயம். கேட்பதற்குச் சட்டத்தில் ஒரு வரி இருந்தது. 2025 நவம்பர் 21-ந் தேதி அமுலுக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அந்தப் பழைய சட்டத்தை விழுங்கிவிட்டன. ஊருக்குப் போகவரப் பயணப் படி என்று ஒன்றை வைத்துக்கொண்டு, இடப்பெயர்ச்சிப் படியை விட்டுவிட்டார்கள்.

இது நம் நாட்டு அதிசயம் மட்டுமல்ல. அமெரிக்காவில் மாநிலம் மாறினால் லைசென்ஸையும் வண்டி நம்பரையும் மாற்ற வேண்டும். அங்கே யுத்த காலத்தில், 1940-ல், சிப்பாய்களுக்கென ஒரு பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள். 2003-ல் அதைப் புதுப்பித்தார்கள். உத்தரவின் பேரில் வேறு மாநிலம் போன சிப்பாயின் வண்டிக்குப் போன மாநிலம் சொத்து வரி போட முடியாது. சொந்த மாநில நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் திராட்சை பறிக்க ஒரு மாநிலம், ஆப்பிள் பறிக்க இன்னொரு மாநிலம் என்று பயிரின் பின்னால் போகும் பண்ணைத் தொழிலாளிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. பணக்கார நாடானாலும் வர்க்கக் கணக்கு ஒன்றுதான்.

ஜவானை எதிரியாக்க வேண்டாம்

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு ஜவானின் சலுகையைப் பிடுங்கு என்று யாரும் கிளம்ப வேண்டாம். அது முதலாளிக்குப் பிடித்த பேச்சு. ஒருவனுக்குக் கிடைத்ததைக் காட்டி மற்றவனைப் பொறாமைப்பட வைப்பது அவனுடைய பழைய தந்திரம்.

ஜவான் யார்? மதுரைச் சமவெளியில் கரிசல் காட்டிலும் கண்மாய்க் கரையிலும் வளர்ந்த உழவன் மகன். 1946 பிப்ரவரி 18-ந் தேதி பம்பாயில் கடற்படை மாலுமிகள் வெள்ளைக்கார அதிகாரிகளை எதிர்த்து எழுந்தபோது அவர்கள் பக்கம் நின்றவர்கள் யார்? காங்கிரஸ் தலைவர்களும் லீக் தலைவர்களும் சரணடையச் சொன்னார்கள். கம்யூனிஸ்டுக் கட்சியின் அறைகூவலைக் கேட்டு, பிப்ரவரி 22-ந் தேதி பம்பாய் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வீதியில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்கள். சீருடை போட்ட உழவன் மகனும் மில் தொழிலாளியும் ஒரே வர்க்கம் என்பதை ரத்தத்தால் எழுதிய நாட்கள் அவை.

ஆகவே நமது கோரிக்கை தெளிவானது. ஜவானுக்குக் கொடுத்தது சரி. அதைக் கீழே வரை கொண்டுவா!

மாநிலத்தின் வருமானம் என்னாவது?

இன்னொரு வாதமும் உண்டு. இதற்குப் பதில் சொல்லாமல் போகக் கூடாது. வண்டி வரி அரசியல் சட்டப்படி மாநிலத்தின் பட்டியலில் இருக்கிறது. வரியின் அடிப்படை விதிகள் மட்டும் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. டில்லி சலுகை அறிவிக்கும். இழப்பு மாநிலத்தின் தலையில் விழும். ஏற்கெனவே ஜி.எஸ்.டி.யில் மாநிலங்களின் கையைக் கட்டிப்போட்டுவிட்டார்கள். இந்த நிலையில் வண்டி வரியையும் விட்டுக் கொடுத்தால் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் எங்கே?

மாநில உரிமைக்காகப் போராடுகிறவர்கள் நாம். இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் பதில் கஷ்டமானதல்ல. ஒரு வண்டிக்கு ஒரு முறை கட்டிய ஆயுள் வரியை, வண்டி எந்த மாநிலத்தில் எத்தனை வருஷம் ஓடியதோ அதற்கேற்ப மாநிலங்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளட்டும். வண்டிகளின் பதிவெல்லாம் இன்று கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. மதுரைக் கணக்கிலிருந்து பெங்களூர்க் கணக்குக்குப் பணம் போக ஒரு சென்ட்ரிங் தொழிலாளி இரண்டு நாள் கூலியை இழந்து பஸ் ஏற வேண்டுமா? இரண்டு சர்க்கார்களுக்கு இடையிலுள்ள கொடுக்கல் வாங்கலுக்கு ஏழையின் சட்டைப் பையா கால்வாய்?

வருமானம் வேண்டுமென்றால் 20 லட்ச ரூபாய்க் காரிடம் கேளுங்கள். பழைய டூவீலரிடம் கேட்காதீர்கள்.

சாவடியும் இதே கதைதான்

மறுபடியும் கப்பலூருக்கு வருவோம். சுங்கச் சாவடி நகராட்சி எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்பது 2008-ம் ஆண்டு விதி. காரணத்தை எழுதிவைத்து 5 கிலோமீட்டர் வரை நெருங்கலாம். நகரத்தார் உபயோகத்துக்கென்றே போட்ட சாலை என்றால் இன்னும் நெருங்கலாம். அதே விதியில் ஓட்டையும் வைத்தார்கள். திருமங்கலத்துக்காரர்கள் வயலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக இந்தச் சாவடியைத் தாண்ட வேண்டியிருக்கிறது. 2024 ஜூலையில் உள்ளூர் வண்டிகளும் பாதிக் கட்டணம் கட்ட வேண்டும் என்று சொன்னபோது மக்கள் திரண்டு சாவடியை மறித்தார்கள். திருமங்கலத்தில் கடைகள் அடைக்கப்பட்டன. 2025 ஜூலையில் நடந்தது அதைவிட விசித்திரம். அரசு போக்குவரத்துக் கழகங்கள் சுமார் 276 கோடி ரூபாய் கட்டண பாக்கி வைத்திருப்பதாகச் சொல்லி, கப்பலூர் உள்ளிட்ட நான்கு தென்மாவட்டச் சாவடிகளில் அரசு பஸ்களை விடக் கூடாது என்று ஐகோர்ட் உத்தரவிட்டது. சர்க்கார் பேசித் தீர்ப்பதாகச் சொன்ன பிறகு அது தள்ளிவைக்கப்பட்டது.

டூவீலருக்குக் கட்டணம் இல்லை என்று பெருமை பேசுகிறார்கள். அந்தத் தொழிலாளி தன் குடும்பத்தோடு ஏறும் பஸ்ஸுக்குக் கட்டணம் உண்டு. அவர் வாங்கும் காய்கறியை ஏற்றி வரும் லோடு வண்டிக்குக் கட்டணம் உண்டு. நேரே வாங்காததைச் சுற்றி வாங்குகிறார்கள்.

இப்போதே செய்ய வேண்டியவை

போராட்டம் ஒரு பக்கம் நடக்கட்டும். வெளிமாநிலம் போகும் தோழர்கள் இப்போதே சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

பழைய வண்டி வாங்கினால் பெயர் மாற்றாமல் ஓட்டாதீர்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாற்றாத வண்டி விபத்தில் சிக்கினால், புத்தகத்தில் பெயருள்ளவரே சொந்தக்காரர் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. விற்றவருக்கும் ஆபத்து, வாங்கியவருக்கும் ஆபத்து. கடன் தீர்ந்தால் பைனான்ஸ் கம்பெனியிடம் அடுத்த நாளே 35-ம் நம்பர் படிவம் கேளுங்கள். அது புத்தகத்தில் அடிக்கப்படாவிட்டால் வண்டி இன்னும் அவர்கள் பிடியில்தான்.

வெளிமாநிலம் போய்ச் சேர்ந்த தேதிக்கு ஓர் அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள். ரயில் பார்சல் ரசீதோ, மேஸ்திரியின் கூலிச் சீட்டோ, வாடகைச் சீட்டோ எதுவானாலும் சரி. 12 மாதம் ஆகவில்லை என்று காட்டுவதற்கு அதுவே ஆயுதம். தடையில்லாச் சான்றுக்கு மனுப் போட்டால் ரசீது வாங்குங்கள். 30 நாளுக்குள் மறுப்பைத் தெரிவிக்காவிட்டால் சான்று கொடுத்ததாகவே கருத வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இன்ஷூரன்ஸ் காலாவதியாக விடாதீர்கள்.

பட்டாளத்தில் வண்டி ஓட்டித் திரும்பும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பட்டாள லைசென்ஸ் பட்டாள வண்டிக்கு மட்டுமே செல்லும். ஆனால் அதைக் காட்டி, அதே வகை வண்டிக்குச் சாதாரண லைசென்ஸ் வாங்கும்போது மறுபடி ஓட்டிக் காட்டும் பரீட்சை தேவையில்லை என்பது 9-வது பிரிவில் செய்துவைத்த ஏற்பாடு. புரோக்கரிடம் பணம் கொடுத்து ஏமாறாதீர்கள்.

நமது கோரிக்கைகள்

பாரதத் தொடர் நம்பர் வசதியை, வேலைக்காக மாநிலம் மாறும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் விரிவாக்கு! கம்பெனிச் சான்று என்ற நிபந்தனையை விட்டு, நல வாரிய அட்டையையோ சங்கத்தின் சான்றையோ ஏற்றுக்கொள்!

டூவீலர் ஆயுள் வரியைத் தவணையில் கட்ட அனுமதி! கட்டிய வரியை மாநிலங்களுக்கிடையே நேராகக் கணக்குத் தீர்த்துக்கொள். தொழிலாளியை இரண்டு முறை கட்டச் சொல்லாதே!

இடப்பெயர்ச்சிப் படியைத் திரும்பக் கொண்டுவா!

கப்பலூர் சாவடியை அகற்று!

இந்தக் கோரிக்கைகளைப் பஞ்சாலை வாசலிலும் களத்து மேட்டிலும் பேசுங்கள். ஓசூர் பஸ் ஏறும் பையன்களிடம் பேசுங்கள். கப்பலூர்த் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பீகார்த் தோழரிடமும் பேசுங்கள். அவர் ஊரிலிருந்து கொண்டுவந்த வண்டிக்கும் இதே கதிதான். லீவில் வந்திருக்கும் ஜவானிடமும் பேசுங்கள். தம்பியின் வண்டிக்காக அண்ணன் பேசாமல் வேறு யார் பேசுவார்?

அந்தத் தகப்பன் கேட்ட கேள்விக்கு நமது பதில் இதுதான்: ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கு இரண்டு சட்டம் இருக்கக் கூடாது. இருக்க விடமாட்டோம்.